வீட்டில் சுருட்டுச் சேகரிப்பு தொடங்க எதை வாங்கலாம்? (யாழ்ப்பாணத்து வெக்கையில்)

கொக்குவில் வாசி:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் சின்னதாக ஒரு சுருட்டுச் சேகரிப்பு வைத்திருக்க வேண்டும் என்று கனகாலமாக ஆசை. கொழும்பில் வேலை செய்தபோது நண்பர் ஒருவர் டொமினிக்கன் சுருட்டு ஒன்று தந்தார், அன்றைக்கே பிடித்துவிட்டது. நான் தினமும் பத்துகிற ஆள் இல்லை. மாதத்தில் ஒன்று இரண்டு, சனிக்கிழமை பின்னேரம் முற்றத்தில் கதிரையைப் போட்டு ஆறுதலாக இருந்து பத்த வேண்டும், நண்பர்கள் வந்தால் பெட்டியைத் திறந்து எது வேண்டும் என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

அத்தான் நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வருகிறார். என்ன வேண்டும் என்று சொல்லு, வாங்கி வாறன் என்கிறார். என்னிடம் சொல்வதற்குப் பட்டியல் இல்லை. தேடிப் பார்த்தால் ஒருவர் கியூபாவைத் தவிர மற்றதெல்லாம் வீண் என்கிறார், இன்னொருவர் கியூபாவே இப்போது வீண் என்கிறார், எழுதுகிற எல்லோரும் குளிர்நாட்டு ஆக்கள். எங்கள் வீடு ஓட்டு வீடு, ஏசி கிடையாது. முதல் தடவையில் எத்தனை வாங்குவது, எந்த வகை, மரப்பெட்டி கட்டாயமா, எங்கள் ஊர்ச் சுருட்டையும் அதே பெட்டிக்குள் வைக்கலாமா, இதெல்லாம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள். ஒரேயடியாகப் பெரிய காசு போடும் எண்ணம் இல்லை.

மானிப்பாய் மாமரம்:

தம்பி, எந்தச் சுருட்டு என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு சுருட்டுச் சேர்ப்பதென்றால் முதலில் வைக்கும் இடம், பிறகுதான் வாங்குவது. அத்தான் விமானம் ஏறுவதற்கு முன்னமே உங்கள் பெட்டி தயாராக இருக்க வேண்டும்.

நல்ல சுருட்டுக்கு 65 முதல் 70 சதவீதம் வரை ஈரப்பதன் வேண்டும், வெப்பநிலை 18 முதல் 21 பாகை வரை இருந்தால் நல்லது என்பார்கள். குளிர்நாட்டில் வீட்டுக்குள் சூடேற்றி வைப்பதால் காற்று காய்ந்துபோகும், அதனால்தான் அவர்கள் எழுதுவதெல்லாம் பெட்டிக்குள் தண்ணீர் எப்படிச் சேர்ப்பது, ஸ்பொஞ்சை எப்படி நனைப்பது என்று போகும். எங்கள் பிரச்சினை நேர்மாறானது. மாரி தொடங்கினால் இங்கே காற்றில் ஈரம் 80 சதவீதத்தைத் தாண்டி நிற்கும். அந்த எழுத்தை நம்பி நனைத்த ஸ்பொஞ்சை உள்ளே வைத்தால் கார்த்திகைக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். உங்களுக்குத் தேவை ஈரத்தைக் கூட்டவும் குறைக்கவும் தெரிந்த பொதி, பொவேடா என்ற பெயரில் வருவது. அதில் 65 சதவீதப் பொதியைக் கேளுங்கள். 69, 72 என்றும் இருக்கிறது, ஆனால் எங்கள் வெக்கைக்குக் கீழ்ப்பக்கமாக நிற்பதுதான் பாதுகாப்பு. 60 கிராம் பொதி ஒன்று ஏறத்தாழ 25 சுருட்டுக்குக் காணும். அத்தானிடம் கேட்க வேண்டிய முதல் சாமான் அதுதான், சுருட்டு அதற்குப் பிறகு.

பெட்டிக்கு மரம் கட்டாயமில்லை. மூடியைச் சுற்றி றப்பர் வளையம் போட்ட, நாலு பக்கமும் பூட்டு அழுத்துகிற சாப்பாட்டுப் பிளாஸ்டிக் பெட்டி போதும். புதிதாக வாங்குங்கள், குழம்பு வைத்த பெட்டி கழுவினாலும் மணக்கும். அதைப் பொவேடாவோடு கீழறையில், மேற்குச் சுவரோடு ஒட்டாத அலுமாரியின் அடித்தட்டில் வையுங்கள். ஓட்டுக்குக் கீழே பரணில் வைக்கவே கூடாது, மத்தியானம் அங்கே அடுப்பு மாதிரி.

அடுத்தது வண்டு. அரிசிக்குள் வருவதை விடச் சிறிய, மண்ணிறமான வண்டு, முட்டை இலைக்குள்ளேயே இருந்து வரும். 24, 25 பாகைக்கு மேலே போனால் பொரிக்கும், எங்களுக்கு அது ஆண்டு முழுக்க. சுருட்டின் மேலிலையில் குண்டூசி குத்தினது போல வட்டமான துளையும், பெட்டியின் அடியில் மெல்லிய தூளும் தெரிந்தால் வண்டு வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம், ஒன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் போகும். பெரிய கம்பனிகள் உறைய வைத்துத்தான் அனுப்புகின்றன, ஆனாலும் பயணத்தையும் எங்கள் வெக்கையையும் நினைத்து நாங்களும் ஒருதரம் செய்ய வேண்டும். வந்த அன்றைக்கே சிப் பூட்டுப் பையில் போட்டுக் காற்றை அமுக்கி வெளியேற்றி, அதை இன்னொரு பையில் போட்டு, பிரீசரில் மூன்று நாள். பிறகு பையைத் திறக்காமல் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள். அதன் பிறகு வெளியே எடுத்து, பை முழுக்க அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் திறப்பது. அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்ந்த இலையில் ஈரம் வியர்த்து மேலிலை வெடித்துவிடும்.

ஈரப்பதன் காட்டும் சின்ன மீற்றர் ஒன்றும் வாங்குங்கள், ஆனால் வாங்கினபடியே நம்ப வேண்டாம். போத்தல் மூடி ஒன்றில் சாதாரண உப்பைப் போட்டு, ஈர மணல் போல வரும்வரை சில துளி தண்ணீர் விட்டு, மீற்றரோடு சேர்த்துப் பூட்டுப் பையில் அடைத்து இரவு முழுக்க விடுங்கள். விடியப் பார்த்தால் 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் உங்கள் மீற்றர் 4 குறைத்துச் சொல்கிறது, அதை ஒரு துண்டில் எழுதி மீற்றரின் முதுகில் ஒட்டிவிடுங்கள்.

வல்வை நிலவன்:

மாமரம் அண்ணை சொன்னதெல்லாம் சரி, அதைச் செய்துவிட்டே இதைப் படியுங்கள்.

சுருட்டில் மூன்று பகுதி: உள்ளே நிரப்பும் இலை, அதை இறுக்கிப் பிடிக்கும் இலை, வெளியே தெரியும் மேலிலை. புதியவர்கள் மேலிலையின் நிறத்தைப் பார்த்து, கறுப்பென்றால் கடுமை, வெளிறினால் மென்மை என்று முடிவு கட்டிவிடுவார்கள். அப்படி இல்லை. மடூரோ என்கிற கறுத்த மேலிலை கூடுதலாகப் புளிக்க வைத்ததால் கறுத்தது, பலவேளை இனிப்புத்தான் கூடுதலாக இருக்கும். தலையைச் சுற்ற வைக்கும் கடுமை பெரும்பாலும் உள்ளே இருக்கும் லிகேரோ இலையிலிருந்து வருவது. அது செடியின் உச்சியில் வெயிலை முழுக்க வாங்கி முற்றும் இலை. தோட்டம் செய்த ஆக்களுக்கு இது புதிதில்லை, எங்கள் ஊரிலும் நுனி இலைக்கும் அடி இலைக்கும் காரம் வேறு வேறு என்பது தெரியும்.

முதல் தொகுதிக்கு நான் சொல்வது: பெட்டி பெட்டியாக வாங்க வேண்டாம். ஆறு வகை, ஒவ்வொன்றிலும் இரண்டு, மொத்தம் பன்னிரண்டு. ஒன்றை இப்போது பத்துங்கள், மற்றதை ஆறு மாதம் கிடக்க விட்டுப் பத்துங்கள், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதில்தான் சேகரிப்பின் சுகமே இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே அளவில் வாங்குங்கள், அப்போதுதான் ஒப்பிட முடியும். நான் ரொபுஸ்டோ என்பேன், 5 அங்குல நீளம், 50 தடிப்பு. தடிப்பை அங்குலத்தில் 64இல் ஒரு பங்காகக் கணக்கிடுவார்கள், ஆகவே 50 என்றால் 20 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஆறுதலாக இழுத்தால் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் போகும். 7 அங்குல சேர்ச்சில் பார்க்க வடிவாக இருக்கும், ஆனால் பழகாத ஆளுக்குப் பாதியிலேயே போதும் என்றாகிவிடும்.

இனி வகைகள். மென்மைக்கு மக்கனுடோ கஃபே, டொமினிக்கன், கனெக்டிகட் நிழலிலை சுற்றியது. துணிப் பந்தலுக்குக் கீழே வளர்த்த இலை அது, மெல்லிசாக, வெளிறிய பொன்னிறத்தில் இருக்கும். கொழும்பில் உங்களுக்குப் பிடித்தது டொமினிக்கன் என்றால் ஆர்துரோ ஃபுவென்டே ஒன்றையும் சேருங்கள், மக்கனுடோவை விடச் சுவையில் ஒரு படி மேலே கனம் இருக்கும். நிக்கராகுவாவுக்குப் பட்ரோன். பட்ரோனை நான் விசேடமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே சுருட்டு இயற்கை நிறத்திலும் மடூரோவிலும் வரும், இரண்டையும் ஒவ்வொன்று வாங்கி அடுத்தடுத்த கிழமை பத்தினால், நிறம் பற்றி மேலே நான் எழுதியது உங்கள் நாக்குக்கே விளங்கும். ஒலிவா சீரீஸ் வீ கடுமையானது, சாப்பிட்ட பிறகு மட்டும் பத்துங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம். ஹொண்டுராஸுக்குக் கமாச்சோ கொரோஹோ, மிளகுக் காரம்.

கியூபாவையும் விட வேண்டாம், ஆனால் அதிலிருந்து தொடங்கவும் வேண்டாம். வாங்கினால் ஹொயோ டி மொன்டரே எபிக்கியூர் இரண்டாம் இலக்கம், கியூபாவில் மென்மையான பக்கம். பார்த்தகாஸ் சீரீஸ் டீ நான்காம் இலக்கம் அடுத்த வருடத்துக்கு இருக்கட்டும். ஒன்று கவனியுங்கள், கொஹீபா, மொன்டிகிறிஸ்டோ, ரோமியோ ஹுலியெட்டா என்ற பெயர்கள் கியூபாவிலும் உண்டு, டொமினிக்கனிலும் உண்டு, இரண்டும் வேறு கம்பனி, வேறு சுருட்டு. 1960இல் கியூபா அரசு தொழிற்சாலைகளைக் கையகப்படுத்தியபோது வெளியேறிய முதலாளிகள் பழைய பெயர்களை வெளியே கொண்டுபோனார்கள், 1962இல் அமெரிக்கத் தடை வந்த பிறகு பெயர்கள் இரண்டாகவே நின்றுவிட்டன. கொஹீபாவின் கதை வேறு, அது 1966இல் கியூபாவில் தொடங்கிய பெயர், அமெரிக்காவில் இன்னொரு கம்பனி பதிந்துகொண்டது. ஆகவே அத்தானிடம் 'மொன்டிகிறிஸ்டோ' என்று மட்டும் சொன்னால் எது கைக்கு வரும் என்று சொல்ல முடியாது, நாட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். யாராவது கண்ணாடி மூடி போட்ட கொஹீபாப் பெட்டி மலிவாக இருக்கிறது என்றால் தொடவே வேண்டாம். கியூபா அப்படி ஒரு பெட்டியைச் செய்வதில்லை.

இன்னொன்று. கனடாவில் விற்கும் சுருட்டில் வண்ணப் பட்டி இருக்காது, சட்டத்தின்படி வெறும் மண்ணிறப் பட்டிதான். போலி என்று பயந்துவிட வேண்டாம், ஆனால் எல்லாம் ஒரே மாதிரித் தெரியும் என்பதால் வந்த உடனேயே ஒவ்வொன்றிலும் பெயரையும் திகதியையும் எழுதிக் கட்டிவிடுங்கள். அங்கே வரியும் அதிகம், வழியில் விமான நிலையக் கடையில் கிடைத்தால் விலையை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சாவகச்சேரி சந்தை:

அத்தானுக்கு ஒரு வார்த்தை: சுங்கத்தில் புகையிலைச் சாமானுக்கு இங்கே கடும் பிடி, கொண்டுவர முன்னமே சுங்கத் திணைக்களத்தில் கேட்டு, கட்ட வேண்டியதைக் கட்டிக் கொண்டுவரட்டும். ஒளித்துக் கொண்டுவந்து முழுதையும் பறிகொடுப்பதில் பிரயோசனமில்லை. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலை விற்கவும் கூடாது, அதனால் வீட்டில் பெடியள் இருந்தால் பெட்டியைப் பூட்டி வையுங்கள்.

மற்றது, சுருட்டுப் புகையை உள்ளே இழுப்பதில்லை என்பதால் ஒன்றும் செய்யாது என்று சிலர் சொல்வார்கள். அது பொய். வாய், நாக்கு, தொண்டைப் புற்றுநோய் சுருட்டிலும் வரும். எங்கள் சனத்துக்கு வாய்ப் புற்றுநோய் எவ்வளவு கொடுமை என்று தெல்லிப்பளைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிப் பக்கம் போய்வந்தவர்களுக்குத் தெரியும். மாதத்தில் ஒன்று இரண்டு என்று சொன்னீர்கள், அந்தக் கணக்கிலேயே நில்லுங்கள், வெற்றிலை புகையிலையும் போடுகிறவராக இருந்தால் இதைத் தொடங்கவே வேண்டாம்.

கொட்டில் பேரன்:

நாட்டுச் சுருட்டைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். என் அப்பப்பா சுருட்டுக் கொட்டிலில் சுற்றினவர்.

ஒரே பெட்டிக்குள் வைக்க வேண்டாம் தம்பி. எங்கள் இலை குடிலில் புகை போட்டுப் பதப்படுத்தியது, பொச்சுமட்டைப் புகை இலையின் நரம்புவரைக்கும் ஏறியிருக்கும், அதோடு இலையில் தடவும் கோடாச் சாற்றின் மணமும் சேரும். மூடின பெட்டிக்குள் பத்து நாள் கிடந்தால் உங்கள் டொமினிக்கன் எல்லாம் கோடா மணக்கும். மெல்லிய மேலிலைதான் முதலில் மணத்தை வாங்கும். கூடவே, எங்கள் சுருட்டு ஈரத்தில் வைத்துப் பத்துவதற்கு ஏற்பட்டது இல்லை. காய்ந்தபடியே பத்துவதுதான் அதன் குணம், 65 சதவீதத்தில் வைத்தால் ஊறி, இழுக்க வராமல் அணைந்து அணைந்து போகும். தகர டின் ஒன்றில், கடையில் தரும் கடதாசிச் சுற்றோடேயே, தனியாக வையுங்கள். மாரியில் மட்டும் டின் மூடியைச் சுற்றி ரேப் ஒட்டினால் போதும்.

ஆனால் சேகரிப்பில் அதற்கு இடம் கட்டாயம் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். வலிகாமத்துச் செம்மண்ணில் துலா மிதித்து இறைத்து வளர்த்த பயிர் அது, திருவிதாங்கூர்வரைக்கும் எங்கள் புகையிலை கப்பலில் போனது, தெற்கில் சிங்கள ஊர்களில் எங்கள் ஆக்கள் நடத்தின பலசரக்குக் கடைக்கே சுருட்டுக்கடை என்றுதான் பெயர். கொட்டிலில் ஒருவர் பேப்பரைச் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கையை நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே கேட்பார்கள் என்று அப்பப்பா சொல்லுவார். கியூபாத் தொழிற்சாலைகளிலும் 1865 முதல் இதே வழக்கம், வாசிக்கிறவருக்குத் தொழிலாளரே காசு சேர்த்துக் கொடுப்பார்கள். மொன்டிகிறிஸ்டோ என்ற பெயரே அப்படி வாசித்துக் கேட்ட நாவலிலிருந்து வந்தது என்பார்கள். கடல் இரண்டு தாண்டி, ஒருவரை ஒருவர் காணாத இரண்டு தீவுகளில் ஒரே வழக்கம் இருந்திருக்கிறது.

வாங்கும்போது கட்டைக் கையில் எடுத்து விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். ஓரிடம் கல்லாகவும் ஓரிடம் பஞ்சாகவும் இருந்தால் சுற்றினவர் அவசரப்பட்டிருக்கிறார், அது கோணலாக எரியும். நுனியை மூக்கில் வையுங்கள், புகை மணமும் லேசான இனிப்பும் வர வேண்டும், புளித்த பழஞ்சோற்று மணம் வந்தால் நனைந்த இலை. முதல் முறை பத்தும்போது பாதிக்கு மேல் போக வேண்டாம், ஒலிவாவை விட இது கடும்.

கொக்குவில் வாசி:

எல்லோருக்கும் மிக்க நன்றி, இவ்வளவு விளக்கமாக வரும் என்று நினைக்கவில்லை. நாட்டுச் சுருட்டுக்குத் தனி டின், விளங்குது. வெற்றிலைப் பழக்கம் எனக்கு இல்லை.

இரண்டு சந்தேகம். சித்தப்பா தச்சு வேலை செய்கிறவர், வேம்பிலோ தேக்கிலோ வடிவான பெட்டி செய்து தாறன் என்கிறார், பூச்சி வராமல் நப்தலின் உருண்டை ஒன்றும் போடலாம் என்கிறார். மற்றது, வெக்கைக்காகப் பெட்டியை அப்படியே பிரிட்ஜிலேயே வைத்துவிட்டால் என்ன?

மானிப்பாய் மாமரம்:

நப்தலின் மட்டும் வேண்டாம் தம்பி, கற்பூரமும் வேண்டாம். அந்த மணம் இலைக்குள் போனால் திரும்பி வராது, அந்தச் சுருட்டை எறியத்தான் வேண்டும்.

மரம் பற்றி. சுருட்டுப் பெட்டிக்கு உலகம் முழுக்கப் பாவிப்பது ஸ்பானிய சீடர் என்ற மரம். பெயரில் சீடர் இருந்தாலும் அது உண்மையில் சீடர் இல்லை, மஹோகனிக் குடும்பம், எங்கள் வேம்பும் அதே குடும்பம்தான். சித்தப்பாவின் யோசனை அந்த வகையில் பிழையில்லை, ஆனால் வேம்புக்குக் கசப்பு மணம் இருக்கிறது, தேக்குக்கு எண்ணெய் மணம், இரண்டும் மூடின பெட்டிக்குள் கூடும். அவர் ஆசையாகச் செய்து தந்தால் வெளிப்பெட்டியாக வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே என் பிளாஸ்டிக் பெட்டி இருக்கட்டும். பார்க்கவும் வடிவு, வெக்கைக்கும் ஒரு மறைப்பு. சீடர் மணம் வேண்டுமென்றால், அத்தானைச் சுருட்டுக் கடையில் வெறும் பெட்டி கேட்கச் சொல்லுங்கள், உள்ளே மெல்லிய சீடர் தகடு இருக்கும், பலர் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். இரண்டு தகட்டை அடியில் விரித்தால் போதும்.

பிரிட்ஜ் வேண்டாம். இப்போதைய பிரிட்ஜ் எல்லாம் உள்ளே இருக்கும் ஈரத்தை இழுத்து வெளியே விடுகிறவை, அதோடு மீன்குழம்பு, கருவாடு, வெங்காயம் எல்லாம் கதவைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் மணக்கும். உறைய வைக்கும் அந்த நாலு நாளும் இரட்டைப் பைக்குள் இருப்பதால் பரவாயில்லை. அதற்குள் கரண்ட் நீண்ட நேரம் போனால் மட்டும், வந்த பிறகு மூன்று நாளை முதலிலிருந்து எண்ணுங்கள்.

வீட்டுக்குள் 28 பாகை என்றால் சும்மா கவலைப்பட வேண்டாம். முதலில் உறைய வைத்து, ஈரத்தை 65இல் பிடித்தால் சூட்டின் கெடுதி பாதி குறைந்துவிடும். வண்டும் பூஞ்சணமும் சூடும் ஈரமும் சேர்ந்தால்தான் ஆடும்.

வல்வை நிலவன்:

கடைசியாக ஒன்று, அத்தான் வந்த அன்றிரவே ஒன்றைப் பத்திப் பார்ப்போம் என்று இரண்டு பேருக்கும் கை துருதுருக்கும். விமானத்துக் காற்று காய்ந்தது, அது முடிய நாலு நாள் உறைய வைப்பு, இரண்டும் தாண்டி வந்த சுருட்டு பெட்டிக்குள் குறைந்தது இரண்டு கிழமை ஆற வேண்டும். இல்லையென்றால் கோணலாக எரியும், நாக்கில் கசக்கும், நல்ல சுருட்டை மோசம் என்று எழுதிவைத்துவிடுவீர்கள். அத்தான் எத்தனையாம் திகதி வருகிறார் என்று பாருங்கள். கொடியேற்றத்தோடு வந்தால் 25 நாள் திருவிழா முடியும்போது பெட்டியைத் திறக்கலாம், அவர் இருக்கும்போதே சேர்ந்து பத்தலாம். தேருக்குக் கிட்ட வருகிறார் என்றால், அவருக்கென்று இரண்டை அவரே தன் பைக்குள் தனியாக, சின்னப் பொவேடாப் பொதி ஒன்றோடு வைத்திருக்கட்டும், அதை உறைய வைக்காமல் அந்தக் கிழமைக்குள் இரண்டு பேரும் முடித்துவிடுங்கள், உங்கள் பெட்டிக்குள் மட்டும் அதை வைத்துவிட வேண்டாம்.

கொக்குவில் வாசி:

கொடியேற்றத்துக்கு முதல் நாள் வருகிறார் அண்ணை. பொவேடா 65 நாலு, மீற்றர் ஒன்று, சீடர் தகடு, பிறகு மக்கனுடோ, ஃபுவென்டே, பட்ரோன் இரண்டு நிறத்திலும், ஒலிவா, எபிக்கியூர் என்று இப்போதுதான் அனுப்பினேன். கமாச்சோ அடுத்த முறை. சுங்கத்துக்கு நாளைக்குக் காலையில் கோல் எடுக்கிறேன்.